பதநீர்க் கலயமும் புரோட்டியசோமும்

பாம்பன் தீவில், பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே இருக்கிறது தங்கச்சிமடம். இரு புறமும் கடல், நடுவே மணல், மணலில் பனை. பனையேறுபவர் பாளையைச் சீவிக் கலயம் கட்டுமுன் அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார். சுண்ணாம்புக் கலயத்தில் இறங்குவது பதநீர். காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லையென்றால் அதே சாறு சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987ஆம் ஆண்டு முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், இந்தச் சுண்ணாம்புப் பூச்சு சட்டத்துக்கும் வேண்டியதாகிவிட்டது.

சுண்ணாம்பு யாரைத் தடுக்கிறது? காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. அவற்றுள் முக்கியமானது ஈஸ்ட். ஒரே உயிரணுவால் ஆன பூஞ்சை இது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ இருநூறு ஈஸ்டுகளை வரிசையாக நிறுத்தலாம். சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுவது இதன் தொழில். ரொட்டிக்கடைக்காரர் மாவைப் பொங்க வைப்பதும் இதைக் கொண்டுதான்.

இந்த ஈஸ்டுக்கும் மரத்தின்மேல் ஏறி நிற்கும் மனிதருக்கும் பார்வைக்கு எந்த உறவும் தெரியாது. ஆயினும் அவருடைய தசை உயிரணுவிலும் கலயத்து ஈஸ்டிலும் ஒரே எந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பாகங்களைத் தனித்தனியே எடுத்து வைத்து, ஈஸ்டின் இந்தப் பாகத்துக்கு மனிதரின் இந்தப் பாகம் இணை என்று விரல்விட்டுச் சொல்லலாம். மனிதரின் பாகத்தைக் கழற்றி ஈஸ்டில் மாட்டினால் பல சமயம் எந்திரம் நிற்காமல் ஓடுகிறது. இந்த எந்திரத்துக்குப் புரோட்டியசோம் என்று பெயர். இதன் பாகங்களுக்கிடையே உள்ள உறவைக் கண்டறிய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைக் காண்போம்.

உடைப்பதும் ஒரு வேலையே

நம் உடலின் புரதங்கள் ஒருமுறை கட்டிவிட்டால் நிலைத்து நிற்கும் என்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலரும் நம்பினர். 1930களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமர் கனமான நைட்ரஜன் அணு சேர்ந்த அமினோ அமிலங்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த நைட்ரஜன் எலியின் உடற்புரதங்களுக்குள் விரைவில் புகுந்துவிட்டது; பழைய நைட்ரஜன் வெளியேறியது. உடலின் புரதங்கள் ஓயாமல் உடைந்தும் கட்டப்பட்டும் வருகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

அப்படியானால் உடைப்பது யார்? 1955இல் கிறிஸ்டியன் டி டூவ் கண்டறிந்த லைசோசோம் என்னும் செரிமானப் பை இதற்கு விடையாகத் தோன்றியது. ஆனால் ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. புரதம் உடைவதற்கு உயிரணு ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது என்று 1953இலேயே மெல்வின் சிம்சன் காட்டியிருந்தார். கட்டடம் கட்டக் காசு வேண்டும். இடிந்து விழுவதற்கும் ஏன் காசு? 1977இல் ஜோசப் எட்லிங்கரும் ஆல்பிரெட் கோல்ட்பெர்க்கும் முயலின் இளம் இரத்த அணுக்களைக் கொண்டு இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கினர. அந்த அணுக்களில் லைசோசோம் இல்லை. இருந்தும், ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற பொருளைச் சேர்த்தவுடன் புரதங்கள் உடைந்தன. ஆகவே லைசோசோமைத் தவிர வேறொரு உடைப்பு எந்திரம் இருந்தாக வேண்டும்.

எந்தப் புரதத்தை உடைக்க வேண்டும் என்று அடையாளம் வைக்கும் முறையை ஆவ்ரம் ஹெர்ஷ்கோ, ஆரன் சீக்கனோவர், இர்வின் ரோஸ் ஆகிய மூவரும் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்தனர். 76 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம், உடைக்க வேண்டிய புரதத்தின்மேல் சீட்டைப் போல ஒட்டப்படுகிறது. இதற்காக இம்மூவரும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். யுபிக்விட்டினில் நமக்கும் ஈஸ்டுக்கும் உள்ள வேறுபாடு 76இல் மூன்றே மூன்று இடங்களில்தான். சீட்டு இவ்வளவு ஒத்திருந்தால், சீட்டைப் பார்த்து உடைக்கும் எந்திரமும் ஒத்திருக்க வேண்டுமல்லவா?

ஒரு பொருள், பல பெயர்

அந்த எந்திரம் அதற்கு முன்பே சிலர் கண்ணில் பட்டிருந்தது. ஆனால் பார்த்தவர் ஒவ்வொருவரும் வேறு வேறு பெயர் வைத்துவிட்டனர்.

கடற்கரையில் வாழ்பவர்களுக்கு இது புதிதன்று. சென்னையில் வஞ்சிரம் என்று விற்கும் மீன் குமரிக் கடலோரத்தில் நெய்மீன். பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணம் சென்றால் அதுவே அறக்குளா. மூன்று ஊர்ப் பட்டியலையும் வாங்கிப் பெயரை மட்டும் பார்த்து எண்ணினால் மூன்று மீன்கள் என்றுதான் கணக்கு வரும். மீனைப் பக்கத்தில் வைத்துச் செவுளையும் துடுப்பையும் பார்த்தால்தான் ஒன்று என்று தெரியும்.

1968இல் ராபின் ஹாரிஸ் மனித இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து உள்ளீடற்ற உருளை வடிவத் துகள் ஒன்றைப் பிரித்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். அது பின்னர் சிலிண்ட்ரின் என்று பெயர் பெற்றது. அது என்ன செய்கிறது என்பது அப்போது தெரியாது. 1980இல் ஷெர்வின் வில்க், மரியன் ஆர்லோவ்ஸ்கி என்ற இருவர் மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து ஒரு பெரிய நொதியைப் பிரித்தனர். ஒரே நொதி புரதச் சங்கிலியை மூன்று வெவ்வேறு வகை இடங்களில் வெட்டியது. எனவே அதைப் 'பல்வினை நொதிக் கூட்டு' என்ற பொருளில் அழைத்தனர். 1984இல் கிளாஸ் ஷெரர் குழுவினர் வாத்தின் இரத்த அணுக்களில் ஒரு துகளைக் கண்டு, அது ஜீன் செய்திகளைக் கட்டுப்படுத்துகிறது என்று கருதி 'புரோசோம்' என்றனர். அதே 1984இல் ஜெர்மனியில் டீட்டர் வுல்ஃப் குழுவினர் ஈஸ்டில் ஒரு புதிய நொதியைக் கண்டறிந்து, ஈஸ்ட் நொதிகளின் வரிசையில் 'இ' என்ற எழுத்தை அதற்கு இட்டனர்.

மனிதர், மாடு, வாத்து, ஈஸ்ட் என நான்கு உயிர்கள், நான்கு ஆய்வகங்கள், நான்கு பெயர்கள். 1988இல்தான் மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. ஆரிகோ, டனாகா, கோல்ட்பெர்க், வெல்ச் ஆகியோர் புரோசோமும் அந்தப் பெரிய நொதியும் ஒன்றே என்று காட்டிப் 'புரோட்டியசோம்' என்ற பெயரை முன்வைத்தனர். அதே ஆண்டில் வுல்ஃப் குழுவினர் தங்கள் ஈஸ்ட் நொதி ஆப்பிரிக்கத் தவளையின் உருளைத் துகளை ஒத்தது என்று அறிவித்தனர்.

துகள் ஒன்று என்பது தெரிந்தது. ஆனால் அது பல புரதத் துண்டுகள் சேர்ந்த கூட்டு. அந்தத் துண்டுகளை, அதாவது துணை அலகுகளை, ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் பெரிய வேலை இனிமேல்தான் தொடங்க வேண்டியிருந்தது.

ஈஸ்ட் சொன்ன சாட்சி

மாட்டிலும் மனிதரிலும் ஒரு ஜீனை நீக்கி என்ன ஆகிறது என்று பார்ப்பது அக்காலத்தில் எளிதன்று. ஈஸ்டில் அது எளிது. ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று இரண்டாகும்; ஒரு தட்டில் கோடிக்கணக்கில் வளரும்; வேண்டிய ஜீனை மட்டும் குறிபார்த்து நீக்கலாம். கள்ளிலும் ரொட்டியிலும் இருந்த உயிர் ஆய்வகத்துக்குள் வந்தது இதனால்தான்.

1990இல் ஜப்பானில் கெய்ஜி டனாகா குழுவினர் ஈஸ்ட் புரோட்டியசோமின் இரண்டு துணை அலகுகளின் ஜீன்களைப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தனர். ஈஸ்ட் பிழைக்கவில்லை. 1991இல் வுல்ஃப் குழுவின் ஹைனமையர் வேறொரு வழியில் சென்றார். முற்றிலும் கொல்லாமல் எந்திரத்தைப் பழுதாக்கும் திரிபுகளை உண்டாக்கினார். அந்த ஈஸ்டை வெப்பத்தில் வைத்தபோது அதனுள்ளே யுபிக்விட்டின் சீட்டு ஒட்டிய புரதங்கள் உடைபடாமல் குவிந்தன. சீட்டு ஒட்டும் முறையும் உருளை எந்திரமும் ஒரே தொழிலின் இரண்டு கட்டங்கள் என்பதற்கு உயிருள்ள அணுவிலிருந்து கிடைத்த உறுதியான சான்று இது. முயல் இரத்தத்தில் தொடங்கிய ஐயத்தை ஈஸ்ட் தீர்த்து வைத்தது.

ஆனால் பெயர்க் குழப்பம் இப்போது துணை அலகுகளிலும் புகுந்தது. ஈஸ்டின் ஒரே ஜீனை ஒரு குழு பி.ஆர்.இ.-2 என்றது, இன்னொரு குழு டி.ஓ.ஏ.-3 என்றது, மூன்றாவது குழு பி.ஆர்.ஜி.-1 என்றது. அதற்கு இணையான மனிதத் துண்டு 'எக்ஸ்' என்றும் 'எம்.பி.-1' என்றும் வழங்கியது. கட்டுரைகளைப் படிப்பவர் ஒரு பொருளை ஐந்து பொருள்களாக எண்ண வேண்டிய நிலை. பெயர் பிரிந்து கிடந்தவரை, ஈஸ்டில் கண்ட உண்மை மனிதரின் எந்தப் பாகத்துக்குப் பொருந்தும் என்று மருத்துவரால் சொல்ல முடியாது. இது வெறும் ஏட்டுத் தகராறு அன்று.

இரண்டே பாகங்களால் ஆன மூதாதை

தீர்வு ஒரு வினோதமான உயிரிலிருந்து வந்தது. 1970இல் தானே புகைந்து சூடேறிய நிலக்கரிக் கழிவுக் குவியலில் கண்டெடுக்கப்பட்ட தெர்மோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் அது. ஏறத்தாழ 59 பாகை வெப்பத்தில், கடுமையான அமிலத்தில் வாழ்வது. பாக்டீரியாவும் அன்று, ஈஸ்டைப் போல் உட்கரு கொண்டதும் அன்று. ஆர்க்கியா எனப்படும் மூன்றாவது பெருங்குலத்தைச் சேர்ந்தது. 1989இல் இதனுள்ளும் புரோட்டியசோம் இருப்பது தெரியவந்தது.

தெர்மோபிளாஸ்மாவின் எந்திரத்தில் பாகங்கள் இரண்டே வகை. அவற்றுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயர். ஏழு ஆல்பாக்கள் சேர்ந்து ஒரு வளையம். ஏழு பீட்டாக்கள் சேர்ந்து ஒரு வளையம். ஆல்பா, பீட்டா, பீட்டா, ஆல்பா என நான்கு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல் நிற்கும். மொத்தம் 28 துண்டுகள். உருளையின் நீளம் ஏறத்தாழ 15 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் பதினைந்து பங்கு. 1995இல் மியூனிக் அருகே வொல்ஃப்காங் பாமைஸ்டர், ராபர்ட் ஹூபர் ஆகியோரின் குழுக்கள் எக்ஸ் கதிர்ப் படிக முறையால் இதன் அணு அமைப்பை வெளியிட்டன. வெட்டும் கத்திகள் உருளையின் உள்ளே, பீட்டாக்களில் மட்டும் இருந்தன. உயிரணுவின் நல்ல புரதங்கள் தவறி வெட்டுப்படாமல் இருக்கவே கத்தி இப்படி உள்ளறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997இல், மைக்கேல் குரோல் முதலானோர் ஈஸ்ட் புரோட்டியசோமின் அமைப்பை வெளியிட்டனர். அதே நான்கு வளையங்கள். அதே 28 துண்டுகள். ஆனால் இங்கே ஒரு வளையத்தின் ஏழு இடங்களிலும் ஏழு வெவ்வேறு துண்டுகள். ஆல்பாவில் ஏழு வகை, பீட்டாவில் ஏழு வகை, மொத்தம் 14. இவற்றுள் 13 இல்லாமல் ஈஸ்ட் வாழாது; ஆல்பா-3 ஒன்றுதான் விதிவிலக்கு. ஈஸ்டின் ஜீன் தொகுதி முழுவதும் 1996இல் படித்து முடிக்கப்பட்டிருந்ததால் கணக்கில் ஒன்றும் விடுபடவில்லை என்பதும் உறுதியாயிற்று.

வளையத்தில் இருக்கும் இடத்தைக் கொண்டே ஆல்பா-1 முதல் ஆல்பா-7 வரை, பீட்டா-1 முதல் பீட்டா-7 வரை பெயர்கள் நிலைபெற்றன. மூன்று பெயர் சுமந்த அந்த ஈஸ்ட் ஜீனின் துண்டும், 'எக்ஸ்' என்ற மனிதத் துண்டும் இப்போது ஒரே பெயரில் பீட்டா-5 ஆயின. உருளையின் இரு முனைகளிலும் மூடிபோல் அமர்ந்து, சீட்டைப் படித்துப் புரதத்தைப் பிரித்து உள்ளே தள்ளும் பகுதியின் துண்டுகளுக்கு 1998இல் ஈஸ்ட் ஆராய்ச்சியாளர்கள் கூடி ஒரே பெயர் வரிசையை வகுத்தனர். அதிலும் இதே கதைதான். ஆர்க்கியாவில் ஒரே வகைத் துண்டு ஆறு சேர்ந்து செய்யும் தள்ளு வேலையை ஈஸ்டிலும் மனிதரிலும் ஆறு வெவ்வேறு துண்டுகள் பகிர்ந்து செய்கின்றன.

மல்லிகைக் கணக்கு

இனி முக்கியமான கேள்வி. ஈஸ்டிலும் ஏழு ஆல்பா, நம்மிடமும் ஏழு ஆல்பா. ஈஸ்ட் தன் போக்கில் ஏழாகவும், நாம் நம் போக்கில் ஏழாகவும் பெருகினோமா? அல்லது பிரிவதற்கு முன்பே ஏழு இருந்தனவா?

தங்கச்சிமடத்தாருக்கு இதை விளக்குவது எளிது. அங்கே மணலில் மல்லிகைக் குச்சிகளைப் பதித்து வேர்விட வைத்து நாற்றாக விற்பது ஒரு தொழில். அங்கிருந்து குண்டுமல்லி நாற்று வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போகிறது. தொலைவில் உள்ள ஒரு தோட்டத்தில் குண்டுமல்லியும் முல்லையும் பிச்சியும் அடுத்தடுத்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் குண்டுமல்லிக்கு மிக நெருங்கிய உறவு எது? பக்கத்து வரப்பில் நிற்கும் முல்லையா? இல்லை, பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தங்கச்சிமடத்தில் நிற்கும் குண்டுமல்லிதான். இரு தோட்டங்களிலும் மூன்று வகையும் இருந்து, வகைக்கு வகை ஒத்திருந்தால், வகைகள் முதலில் பிரிந்தன, தோட்டங்கள் பின்னர் பிரிந்தன என்று கொள்ள வேண்டும்.

துணை அலகுகளின் அமினோ அமில வரிசைகளை ஒப்பிட்டபோது இதுவே தெரிந்தது. ஈஸ்டின் ஆல்பா-1, மனிதரின் ஆல்பா-1ஐ ஏறத்தாழப் பாதி அளவு ஒத்திருக்கிறது. ஆனால் தன் வீட்டிலேயே, அடுத்த இடத்தில் அமர்ந்திருக்கும் ஈஸ்டின் ஆல்பா-2ஐ ஒத்திருப்பது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மற்றவையும் இப்படியே. ஆகவே ஒரே ஆல்பா ஏழாகவும், ஒரே பீட்டா ஏழாகவும் பெருகியது ஈஸ்டும் மனிதரும் பிரிவதற்கு முன்பு. ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையிடமே 14 பாகங்களும் தயாராக இருந்தன. நாற்றுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. குச்சியிலிருந்து வந்த நாற்று தாய்ச்செடியின் நகல். துணை அலகோ இத்தனை காலத்தில் பாதி எழுத்துகளை மாற்றிக்கொண்டுவிட்டது. அவ்வளவு மாறியும் தன் இடத்தை விட்டுப் பெயரவில்லை என்பதே வியப்பு.

பிற்காலத்தில் சேர்ந்தவையும் உண்டு. 1991இல் மனிதரின் நோய் எதிர்ப்பு ஜீன்கள் அடர்ந்த பகுதியில் புரோட்டியசோம் துண்டுகளுக்கான இரண்டு ஜீன்கள் தென்பட்டன. நோய்க்கிருமி நுழைந்தால் இவையும் பின்னர் அறியப்பட்ட இன்னொன்றும் பீட்டா-1, பீட்டா-2, பீட்டா-5 ஆகியவற்றின் இடத்தில் அமர்கின்றன. கிருமியின் புரதத்தை, காவல் அணுக்களுக்குக் காட்ட ஏற்ற துணுக்குகளாக அவை வெட்டித் தருகின்றன. 2007இல் டனாகாவின் ஆய்வகம், தைமஸ் சுரப்பியில் மட்டும் பீட்டா-5இன் இடத்தில் அமரும் இன்னொரு துண்டைக் கண்டறிந்தது. இவை தாடையுள்ள முதுகெலும்பிகளிடம் தோன்றியவை, ஈஸ்டில் இல்லை. தாவரங்கள் வேறு வழியில் சென்றன. கடுகுக் குடும்பத்து அரபிடாப்சிஸ் செடியில் அதே 14 வகைதான். ஆனால் பலவற்றுக்கு இரண்டு ஜீன்கள்.

கழற்றி மாட்டிய சோதனை

எழுத்துகள் ஒத்திருப்பது ஒரு சான்று. ஆனால் ஒரு படகின் என்ஜினுக்கு இன்னொரு படகின் உதிரி பாகம் பொருந்துமா என்பதை மாட்டிப் பார்த்தால்தானே தெரியும்?

2015இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆஷிக் கச்ரூ, எட்வர்டு மார்கோட் முதலானோர் இதைப் பெரிய அளவில் செய்தனர். ஈஸ்டுக்கு இன்றியமையாத 414 ஜீன்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு அதற்கு இணையான மனித ஜீனை வைத்தனர். 47 விழுக்காட்டில் ஈஸ்ட் பிழைத்தது. எழுத்து ஒற்றுமையை மட்டும் வைத்து எது பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. எந்தத் தொழிலில் எந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதே பெரிதும் முடிவு செய்தது.

புரோட்டியசோமில் பெரும்பாலான துண்டுகளுக்கு மனித மாற்று பொருந்தியது. ஆல்பா வளையத்தின் துண்டுகள் ஏறத்தாழத் தயக்கமின்றி இடம் மாறின. பீட்டா வளையத்திலோ பல துண்டுகள் மறுத்தன. பக்கத்தில் இருப்பவற்றோடு இழைத்து இழைத்துப் பொருந்திய பாகங்களைத் தனியே ஒன்றை மட்டும் மாற்றுவது கடினம் என்பதை இது உணர்த்துகிறது.

பழைய கத்திக்கு எளிது, புதிய கத்திக்குக் கடினம்

வெட்டும் கத்திகளின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. தெர்மோபிளாஸ்மாவில் பீட்டா எல்லாம் ஒரே வகை. ஆகவே 14 பீட்டாவிலும் 14 கத்திகள், எல்லாம் ஒன்றுபோல. ஈஸ்டிலும் மனிதரிலும் ஏழு பீட்டாக்களில் மூன்றே கூர்மையாக உள்ளன. பீட்டா-1 அமிலத்தன்மையுள்ள இடத்திலும், பீட்டா-2 காரத்தன்மையுள்ள இடத்திலும், பீட்டா-5 நீரை வெறுக்கும் இடத்திலும் வெட்ட விரும்பும். இரண்டு வளையங்களுக்கும் சேர்த்து ஆறு கத்திகள். வில்க்கும் ஆர்லோவ்ஸ்கியும் 1980களில் மாட்டின் நொதியில் கண்ட மூன்று வகை வெட்டுகளுக்கு விளக்கம் இதுதான். மற்ற நான்கு பீட்டாக்கள் கத்தியை இழந்து தாங்கும் தூண்களாக நிற்கின்றன.

தொழில் பிரிந்ததால் ஒரு குறையும் வந்திருக்கிறது. ஹன்டிங்டன் நோயில் ஒரு புரதத்தில் குளூட்டமின் என்ற ஒரே அமினோ அமிலம் வரிசையாக 35க்கும் மேல் நீண்டு, மூளையின் நரம்பணுக்களில் கட்டியாகப் படிகிறது. கோல்ட்பெர்க்கின் ஆய்வகத்தில் பிரசன்னா வெங்கட்ராமன் முதலானோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புரோட்டியசோமோடு இணைத்தது. குளூட்டமின் தொடரை உட்கருவுள்ள உயிர்களின் புரோட்டியசோமுக்குக் கொடுத்தனர். தொடரின் தொடக்கத்தைத் தவிர உள்ளே எங்கும் அதனால் வெட்ட முடியவில்லை. குளூட்டமின் அமிலமும் அன்று, காரமும் அன்று, நீரை வெறுப்பதும் அன்று. மூன்று கத்திகளுக்கும் அது விருப்பமான இடமாக இல்லை. ஆனால் ஆர்க்கியாவின் பழைய எந்திரம் அதே தொடரை விரைந்து வெட்டித் தள்ளிற்று.

உடைபடாமல் வெளிவரும் இந்தத் துணுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடியது. நோயில் அது ஏன் சேர்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம் என்று அவர்கள் கருதினர். உயர்ந்த உயிர் என்பதால் அதன் எந்திரம் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

பிரசன்னா வெங்கட்ராமன் பின்னர் நவி மும்பையில் டாட்டா நினைவு மையத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் காங்கிரின் என்ற புரதத்தை ஆராய்ந்தார். புரோட்டியசோமின் மூடிப் பகுதியைக் கட்ட உதவும் கொத்தனார் போன்றது அது. 2000இல் ஜப்பானியர் அதைக் கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புபடுத்தி அறிந்தனர். இதற்கும் ஈஸ்டில் நாஸ்-6 என்ற இணை உண்டு. வேலையாளையும் சேர்த்தே நாம் மூதாதையிடமிருந்து பெற்றிருக்கிறோம்.

மருந்துக்கு வழிகாட்டிய வரைபடம்

இந்த உறவு முறைக் கணக்கால் என்ன பயன் என்று வாசகர்கள் கேட்கலாம். மல்ட்டிபிள் மைலோமா என்பது எலும்பு மஜ்ஜையில் தோன்றும் புற்றுநோய். அந்த அணுக்கள் அளவுக்கு மீறிப் புரதம் தயாரிப்பவை, கழிவும் மிகுதி. புரோட்டியசோமை நிறுத்தினால் மற்ற அணுக்களைக் காட்டிலும் அவை விரைவில் திணறிச் சாகின்றன. பீட்டா-5இன் கத்தியில் முதன்மையாக ஒட்டிக்கொள்ளும் போர்டிசோமிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2003இல் அனுமதி கிடைத்தது. இன்று அது இந்தியாவிலும் தயாராகிறது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் சுரக்கும் எபாக்சோமிசின் என்ற பொருளிலிருந்து பிறந்த கார்ஃபில்சோமிப் 2012இல் வந்தது.

எபாக்சோமிசின் கத்தியில் எப்படிப் பற்றுகிறது என்பது 2000இலும், போர்டிசோமிப் எப்படிப் பற்றுகிறது என்பது 2006இலும் அணு அணுவாகத் தெரிந்தது. இரண்டுக்கும் படிகமாக்கப்பட்டது மனிதரின் புரோட்டியசோம் அன்று, ஈஸ்டினுடையது. ஈஸ்டின் பீட்டா-5 நம் பீட்டா-5இன் நேர் இணை என்ற உறுதி முன்பே கிடைத்திருந்ததால்தான் அந்தப் படத்தை மனித மருந்துக்கு வழிகாட்டியாகக் கொள்ள முடிந்தது. 'எக்ஸ்', 'டி.ஓ.ஏ.-3' என்று பெயர்கள் பிரிந்தே கிடந்திருந்தால் இந்தப் பயன் எவ்வளவோ தாமதித்திருக்கும்.

ஒற்றுமையைப் போலவே வேற்றுமையும் பயன்படும். பெரும்பாலான பாக்டீரியாக்களில் புரோட்டியசோம் இல்லை. ஆனால் காசநோய்க் கிருமியில் உண்டு. மனித உடலின் எதிர்ப்பைத் தாங்கி நிற்க அது கிருமிக்கு உதவுகிறது என்று 2003இல் தெரிந்தது. 2009இல் கிருமியின் கத்தியை மட்டும் தாக்கி, மனிதரின் கத்தியை விட்டுவிடும் வேதிப்பொருள்கள் அறிவிக்கப்பட்டன. 2016இல் மலேரியாக் கிருமியின் புரோட்டியசோம் அமைப்பும் வெளியாகி, அதே முயற்சி அங்கும் தொடங்கியது. இவை இன்னும் மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை. ஆனால் எங்கே நாம் கிருமியோடு ஒத்திருக்கிறோம், எங்கே மாறுபடுகிறோம் என்ற பட்டியல் கையில் இருந்தால்தான் நோயாளிக்குத் தீங்கின்றிக் கிருமியை மட்டும் குறிபார்க்க முடியும். காசநோய் இன்னும் நீங்காத நம் நாட்டுக்கு இது பெரிய செய்தி.

சுண்ணாம்பு தடவாத கலயத்தில் நுரைப்பது பனையேறுபவருக்கு நட்டம். ஆனால் அந்த நுரையில் இருக்கும் ஈஸ்டு ஒவ்வொன்றிலும், இக்கட்டுரையைப் படிக்கும் கண்ணின் அணு ஒவ்வொன்றிலும் உள்ள அதே நான்கு வளையங்கள், அதே ஏழு ஆல்பா, அதே ஏழு பீட்டா, தத்தம் இடத்தில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருக்கின்றன. நூறு கோடி ஆண்டுப் பிரிவுக்குப் பிறகும் பங்காளிகளை அடையாளம் காண முடிந்திருக்கிறது. பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் கிடைத்த பலன் அது.